பந்தய டிப்ஸ் விற்பவர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எந்தக் குதிரை வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்லி அதற்குக் கட்டணம் வாங்குகிறவர்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பணம் இழந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் எழுதியிருப்பதால், பெயர்களை நீக்கிவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: அறிமுகமில்லாத எண்ணிலிருந்து என் கைப்பேசிக்கு வாரம் ஒரு குதிரையின் பெயர் வந்தது. மூன்று வாரங்கள் வந்த மூன்று குதிரைகளும் வென்றன. நான் பணம் கட்டவில்லை, வேடிக்கைதான் பார்த்தேன். இப்போது மாதம் 5,000 ரூபாய் செலுத்தினால் பந்தயம் நடக்கும் நாளெல்லாம் டிப்ஸ் அனுப்புவதாகச் சொல்கிறார். பந்தயம் தொடங்குவதற்கு முன்பே பெயரை அனுப்பிவிட்டார் என்பதால், இதில் ஏமாற்று எப்படி இருக்க முடியும்? (வேலூர்)

பதில்: செய்தி முன்கூட்டியே வந்தது என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு வந்த அதே பெயர்தான் மற்றவர்களுக்கும் போனதா என்பதை நீங்கள் பார்க்க வழியில்லை. ஏமாற்றுக்கு இடம் இருப்பது அங்கேதான். ஆறு குதிரைகள் ஓடும் ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 7,776 கைப்பேசி எண்களைத் திரட்டி, அவற்றை ஆறு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு குதிரையின் பெயரை அனுப்புகிறார். எந்தக் குதிரை வென்றாலும் 1,296 பேருக்குச் சரியான பெயர் போயிருக்கும். மீதியுள்ளவர்களை அவர் மறந்துவிடுகிறார். அடுத்த வாரம் அந்த 1,296 பேரையும் ஆறாகப் பிரித்தால் 216 பேருக்கு இரண்டு வெற்றி. மூன்றாம் வாரம் 36 பேருக்கு மூன்று வெற்றி. அந்த 36 பேரும் உங்களைப் போலவே வியந்துபோய் ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுத்தால் 1,80,000 ரூபாய் சேர்ந்துவிடுகிறது. அதற்காக அவர் ஒரு குதிரையைக்கூட நேரில் பார்த்திருக்க வேண்டியதில்லை. தவறான பெயர் போன 7,740 பேரில் ஒருவரும் உங்களைத் தேடி வந்து சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

உங்களுக்கு அனுப்பியவர் இதைத்தான் செய்தார் என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை. ஏமாற்றும் நோக்கமே இல்லாமலும் இது நடக்கலாம். பந்தயங்களில் மக்கள் அதிகமாகப் பணம் கட்டும் குதிரை, அதாவது ஃபேவரிட், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறை வெல்கிறது என்பது பல நாடுகளில் நீண்ட காலமாகக் காணப்பட்டு வரும் நடைமுறை. ஆகவே, ஃபேவரிட்டின் பெயரை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அடுத்தடுத்து மூன்றும் பலிப்பதற்கு இருபத்தேழில் ஒரு வாய்ப்பு எப்போதும் உண்டு. ஃபேவரிட் எது என்பதைத் திடலில் உள்ள பலகையே காட்டிவிடும். அதற்கு 5,000 ரூபாய் தேவையில்லை. வந்த மூன்று பெயர்களும் அந்தந்தப் பந்தயத்தில் ஃபேவரிட்டாக இருந்தனவா என்று பழைய முடிவுகளில் பாருங்கள்.

கேள்வி: குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு அன்று, திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்படியானால் திறமை உள்ளவர் அதை விற்பதில் என்ன தவறு? எல்லோரையும் மோசடிக்காரர்கள் என்று ஒதுக்குவது நியாயமா? (மதுரை)

பதில்: தீர்ப்பைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. தமிழ்நாட்டில் 1974ஆம் ஆண்டு குதிரைப் பந்தயத்தின்மீது பணம் கட்டுவதை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது; 1986இல் மதராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளும் சட்டம் வந்தது. இவற்றைப் பற்றிய வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, வேகம், தாக்குப்பிடிக்கும் வலிமை, ஜாக்கியின் கைத்திறன் ஆகியவையே முடிவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்றும், பணம் கட்டுகிறவர் இவற்றை மதிப்பிட்டே கட்டுகிறார் என்றும் கூறி, இது திறமை மேலோங்கிய விளையாட்டு என்று முடிவு செய்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தையும் செல்லாததாக்கியது. திறமை என்று ஒன்று உண்டு என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ரேஸ் புத்தகத்தில் ஒரு குதிரையின் கடந்த ஓட்டங்களைப் படித்து, 1,200 மீட்டரில் வென்ற குதிரை 1,600 மீட்டரில் மூச்சு வாங்குமா, சுமை கூடியிருக்கிறதா, மழைக்குப் பின் தளர்ந்த தரையில் அது முன்பு எப்படி ஓடியது என்றெல்லாம் எடை போடுகிறவருக்கும், பெயர் அழகாயிருக்கிறது என்று கட்டுகிறவருக்கும் வேறுபாடு இருக்கவே செய்யும்.

ஆனால் கேள்வி வேறு. அந்தத் திறமை உள்ளவர் அதை ஏன் விற்க வேண்டும்? டோட் எனப்படும் முறையில் நீங்கள் போட்டியிடுவது கிளப்போடு அன்று; பணம் கட்டிய மற்றவர்களோடுதான். 1867 வாக்கில் பாரிஸில் ஜோசப் ஓலே என்பவர் வகுத்த இந்த முறையில், எல்லோரும் கட்டிய தொகை ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, கழிவும் வரியும் போக மீதி, வென்ற குதிரையின்மீது கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கழிவை ஒதுக்கிவிட்டு ஒரு கணக்குப் பார்ப்போம். மொத்தம் 1,00,000 ரூபாய் சேர்ந்திருக்கும் ஒரு பந்தயத்தில் ஒரு குதிரையின்மீது 10,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால், அது வென்றால் ஒரு ரூபாய்க்குப் பத்து ரூபாய் கிடைக்கும். அந்தக் குதிரையின் பெயரை ஒருவர் 200 பேருக்கு விற்று, அவர்கள் ஆளுக்கு 100 ரூபாய் கட்டினால், மொத்தம் 1,20,000 ஆகவும் அந்தக் குதிரையின்மீது இருப்பது 30,000 ஆகவும் மாறி, ஒரு ரூபாய்க்கு நான்கு ரூபாய்தான் கிடைக்கும். குதிரை அதே குதிரைதான். பலர் அறிந்துகொண்டதால் அதன் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. விகிதத்தைத் தாமே அறிவித்துப் பந்தயப் பணம் வாங்கும் புக்கியிடம் கட்டினாலும் இதே கதைதான்: பணம் ஒரு பக்கமாகக் குவியத் தொடங்கியதும் அவர் விகிதத்தைக் குறைத்துவிடுவார். உண்மையான தகவல் விற்கப்படும்போதே தேய்கிறது. பொய்யான தகவலுக்குத்தான் எத்தனை பேருக்கு விற்றாலும் விற்பவருக்கு நட்டமில்லை.

பில் பென்டர் என்ற அமெரிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். சூதாட்ட விடுதிகளில் சீட்டுகளை நினைவில் வைத்து ஆடிப் பழகிய அவர், 1980களில் ஆலன் வுட்ஸ் என்ற ஆஸ்திரேலியருடன் ஹாங்காங் சென்று, கணினிக் கணக்கின் உதவியால் பல ஆண்டுகள் பெருந்தொகை வென்றார். அவர் 1994இல் தம்முடைய முறையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். குதிரைகளைப் பற்றிய தம் கணக்கை மட்டும் நம்பாமல், மக்கள் கட்டிய பணம் காட்டும் விகிதத்தையும் அதோடு சேர்த்தபோதுதான் அது உண்மையில் பயன்பட்டது என்பது அதன் முக்கியமான செய்தி. முறையை விளக்கினாரே தவிர, வரும் பந்தயத்தில் எந்தக் குதிரை என்பதை அவர் கட்டணத்துக்கு விற்கவில்லை. விற்றிருந்தால் தம் வருமானத்தைத் தாமே கெடுத்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: நான் பார்க்கும் டிப்ஸ்காரர் தம்முடைய கடந்த 100 டிப்ஸ்களின் பட்டியலை வைத்திருக்கிறார். சராசரி விகிதம் ஒன்றுக்கு நான்கு. 28 குதிரைகள் வென்றிருக்கின்றன. லாபம் 40 சதவீதம் என்கிறார். இந்தப் பட்டியல் பொய்யாக இல்லை என்றால் நம்பலாம் அல்லவா? (கோயம்புத்தூர்)

பதில்: பட்டியல் முழுவதும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில், அதாவது வென்றால் கட்டிய ஒரு ரூபாயோடு மேலும் நான்கு ரூபாய் வரும் விகிதத்தில், குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தால், கழிவு எதுவும் இல்லாத நிலையில், நூற்றுக்கு இருபது வெல்ல வேண்டும். ஆனால் இருபது என்பது சராசரி. நூறு முறை என்பது மிகச் சிறிய அளவு என்பதால், திறமையே இல்லாதவருக்கும் ஒரு தடவை பன்னிரண்டும் இன்னொரு தடவை இருபத்தெட்டும் வருவது இயல்பு. திறமையற்ற முப்பது பேர் ஆளுக்கு நூறு டிப்ஸ் கொடுத்தால், அவர்களில் ஒருவருக்காவது 28 அல்லது அதற்கு மேல் வரும் என்று எதிர்பார்க்கலாம். அந்த ஒருவர்தான் பட்டியலை அச்சடித்து விளம்பரம் செய்வார். மற்ற இருபத்தொன்பது பேரும் வேறு பெயரில் புதிதாகத் தொடங்குவார்கள். அதனால், ஆயிரக்கணக்கான டிப்ஸ்களின் தொடர்ச்சியான பதிவு இல்லாமல் ஒருவருடைய திறமையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது அந்த 40 சதவீத லாபம். குதிரைப் பந்தயத்தில் கட்டும் தொகை முழுவதற்கும் விதிக்கப்படும் சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாகியிருக்கிறது. நூறு ரூபாய்ப் பந்தயத்துக்கு மேல் நாற்பது ரூபாய் வரி என்று எடுத்துக்கொண்டால், நூறு பந்தயங்களுக்கு நீங்கள் செலவிடுவது 14,000 ரூபாய். 28 குதிரைகள் வென்று தலைக்கு 500 ரூபாய் திரும்பினால் வருவதும் 14,000 ரூபாய்தான். அவர் காட்டும் அந்த அருமையான பட்டியல், கிளப்பின் கழிவையும் அவருடைய கட்டணத்தையும் சேர்க்காமலே, உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவது புறப்பட்ட இடத்தில்தான். இதற்கு மேல், வென்ற தொகைக்கு 30 சதவீத வருமான வரி இருக்கிறது. வென்றதற்கு வரி கட்டும்போது தோற்றதைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை என்பதைப் பலர் அறியாமலே கணக்குப் போடுகிறார்கள்.

பட்டியலைப் பார்க்கும்போது மூன்றைக் கேளுங்கள். ஒவ்வொரு டிப்ஸும் பந்தயத்துக்கு முன் எந்த நேரத்தில், திருத்த முடியாத எந்த இடத்தில் வெளியானது? குறிப்பிட்டிருக்கும் விகிதம் டிப்ஸ் வெளியான பின் உங்களைப் போன்றவருக்குக் கிடைத்த விகிதமா, அல்லது காலையில் ஒரு நிமிடம் மட்டும் இருந்ததா? எல்லாப் பந்தயத்திலும் ஒரே அளவு தொகை கட்டியதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறதா, அல்லது தோற்றவற்றில் சிறிய தொகையும் வென்றவற்றில் பெரிய தொகையும் கட்டியதாகப் பின்னர் எழுதப்பட்டதா? குழுக்களில் பழைய செய்தியைத் திருத்துவதும் நீக்குவதும் மிக எளிது; தோற்ற டிப்ஸ் மாலைக்குள் மறைந்துவிடும்.

கேள்வி: என் நண்பருக்கு லாயத்தில் வேலை செய்யும் ஒருவரைத் தெரியும். அவர் சொல்லும் தகவல் 'உள்ளே இருந்து' வருவது, மற்ற டிப்ஸ் போல அன்று என்கிறார். (வேளச்சேரி, சென்னை)

பதில்: லாயத்தில் இருப்பவர்களுக்குக் குதிரையைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும் என்பதில் ஐயமில்லை. விடியற்காலைப் பயிற்சி ஓட்டத்தில் அது எப்படிப் பாய்ந்தது, நேற்று தீவனத்தைத் தின்றதா, காலில் சூடு இருக்கிறதா என்பதெல்லாம் அவர்கள் கண்முன் நடப்பவை. ஆனால் அவர்கள் அறிவது தங்கள் குதிரையை மட்டுமே. பத்துக் குதிரைகள் ஓடும் பந்தயத்தில் பத்து லாயங்களிலும் இதே நம்பிக்கையோடு ஒருவர் இருக்கிறார், பத்துப் பேரும் தத்தம் நண்பர்களிடம் சொல்கிறார்கள். தாம் நாள்தோறும் தேய்த்துவிடும் குதிரையைப் பற்றி ஒருவர் அளவுக்கு மீறி நம்புவது மனித இயல்பு. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

நம் நாட்டில் பெரும்பாலான பந்தயங்கள் ஹாண்டிகேப் முறையில் நடப்பவை என்பதையும் மறக்கக் கூடாது. நன்றாக ஓடிய குதிரைக்குத் தரப்புள்ளி கூடும். புள்ளி கூடினால் அடுத்த பந்தயத்தில் அது சுமக்கும் எடையும் கூடும். எல்லாக் குதிரைகளும் ஒன்றாக எல்லைக் கோட்டை எட்ட வேண்டும் என்பதுதான் எடை நிர்ணயிப்பவரின் நோக்கம். குதிரை நலமாக இருக்கிறது என்ற உள்தகவல் உண்மையாக இருந்தும் அது நான்காவதாக வருவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. பந்தய விதிகளின்படி ஜாக்கிகள் பணம் கட்டக் கூடாது; லாயத்துத் தகவலைக் காசுக்கு விற்பதும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது. விதியை மீறி விற்கிறவர் உங்களிடம் மட்டும் நேர்மையாக நடந்துகொள்வார் என்று எதிர்பார்க்கக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

கேள்வி: "தோற்றால் எனக்கு எதுவும் வேண்டாம், வென்றால் மட்டும் வென்றதில் 20 சதவீதம் கொடுங்கள்" என்கிறார் ஒருவர். இதில் எனக்கு நட்டம் என்ன? மேலும், டிப்ஸ் விற்பது குற்றமா? (திருநெல்வேலி)

பதில்: கேட்பதற்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது என்று தோன்றும். ஆறு குதிரைப் பந்தயத்தில் ஆறு வாடிக்கையாளர்களுக்கு ஆறு வெவ்வேறு பெயர்களைச் சொல்லிவிட்டால், ஒருவர் கட்டாயம் வெல்வார். அவரிடமிருந்து 20 சதவீதம் வந்துவிடும். தோற்ற ஐந்து பேரும் தங்கள் சொந்தப் பணத்தைத்தான் இழந்திருக்கிறார்கள், அவருடையதை அன்று. மாதக் கட்டணம் கேட்பவராவது வாடிக்கையாளர் விலகிவிடுவாரே என்று கொஞ்சம் கவலைப்படுவார். இவருக்கு அந்தக் கவலையும் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் சொல்லும் ஏற்பாடுகளில் நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, கருத்துச் சொல்லிக் கட்டணம் வாங்குவது மட்டுமே குற்றம் ஆகாது. நாளிதழ்கள் நெடுங்காலமாகப் பந்தயக் கணிப்பை வெளியிட்டு வந்திருக்கின்றன. பங்குச் சந்தையில் முதலீட்டு ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்குகிறவர் செபியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பந்தய ஆலோசனை சொல்கிறவரை அவ்வாறு பதிவு செய்து கண்காணிக்கும் அமைப்பு இங்கே கிடையாது. ஆனால் முடிவு முன்பே நிச்சயிக்கப்பட்டது என்றோ, இல்லாத வெற்றிகளை இருந்ததாகக் காட்டியோ பணம் பறித்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்கீழ் ஏமாற்றுக் குற்றம். திடலுக்கு வெளியே தெருவிலோ தொலைபேசியிலோ பந்தயப் பணம் வசூலிப்பது, 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் அளிக்கும் விலக்குக்குள் வராது. அந்த விலக்கு, பந்தய நாளில், திடலில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் கட்டுவதற்கு மட்டும் உரியது. "என்னிடமே பணத்தையும் அனுப்புங்கள், நானே கட்டிவிடுகிறேன்" என்று டிப்ஸ்காரர் சொன்னால், அந்த நொடியே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தய உடன்பாடுகள் செல்லாதவை என்பதால், அவர் வென்றதாகச் சொல்லும் தொகையைக் கொடுக்காவிட்டால் நீதிமன்றம் சென்று வாங்கவும் முடியாது.

கேள்வி: டிப்ஸ் இலவசம்தான், அதோடு ஒரு செயலியின் இணைப்பை அனுப்பி அதில் கணக்குத் தொடங்கச் சொல்கிறார்கள். இலவசமாகக் கொடுத்து அவர்களுக்கு என்ன லாபம்? (ஓசூர்)

பதில்: அந்த இணைப்பில்தான் லாபம் இருக்கிறது. வெளிநாட்டுப் பந்தயத் தளங்கள், தங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர்களுக்குக் கழிவு தருகின்றன. பல இடங்களில் அந்தக் கழிவு, சேர்ந்தவர் தோற்கும் தொகையில் ஒரு பங்காகவே கணக்கிடப்படுகிறது. அதாவது உங்களுக்கு டிப்ஸ் கொடுப்பவரின் வருமானம் நீங்கள் தோற்பதைப் பொறுத்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றிருக்கிறது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். இணைப்பைத் தொடாதீர்கள்.

கேள்வி: இந்த வியாபாரம் கைப்பேசி வந்த பிறகு தோன்றியதா? (புதுச்சேரி)

பதில்: இல்லை. இங்கிலாந்தின் பந்தயத் திடல்களில் மூடிய உறைக்குள் குதிரையின் பெயரை எழுதி விற்றவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். அவர்களில் புகழ்பெற்றவர் 'இளவரசர்' மோனலூலு. தலையில் தீக்கோழி இறகுகளும் உடலில் பகட்டான அங்கியுமாக, "என்னிடம் ஒரு குதிரை இருக்கிறது!" என்று கூவிக்கொண்டே நடப்பார். அபிசீனிய இனத் தலைவர் என்று சொல்லிக்கொண்ட அவர் உண்மையில் கரீபியத் தீவு ஒன்றில் பிறந்தவர். 1920ஆம் ஆண்டு எப்சம் டெர்பியில் ஸ்பியன் காப் என்ற, யாரும் பெரிதாக எதிர்பாராத குதிரையின்மீது கட்டி 8,000 பவுண்டு வென்றதாகப் பரவிய பேச்சுதான் அவருடைய முதலீடு. 1965இல் இறக்கும்வரை அந்த ஒரு வெற்றியின் புகழ் அவரை விட்டு விலகவில்லை. உறையைக் கொடுக்கும்போது, பெயரை வேறு யாரிடமாவது சொன்னால் குதிரை தோற்றுவிடும் என்று எச்சரிப்பாராம். பக்கத்தில் நிற்பவருக்கு வேறு பெயர் கொடுத்திருப்பது தெரியாமல் காக்க இதைவிடச் சிறந்த எச்சரிக்கை கிடையாது. வேலூர் வாசகருக்கு வந்த செய்தியும் தனித்தனியாகத்தான் வந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் மோனலூலு வேடிக்கையும் காட்டினார், வாங்கியது சில்லறைக் காசு. அந்த அளவில் இன்றைய ஆட்களைவிட அவர்மீது எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு.

கேள்வி: கிண்டியிலும் பெங்களூருவிலும் நீண்ட காலம் பந்தயம் பார்த்துவரும் நான், ஓய்வுபெற்ற பின் என் கணிப்பைக் கட்டணத்துக்குக் கொடுக்கலாம் என்று எண்ணுகிறேன். நேர்மையாகச் செய்ய வழி இல்லையா? (சேலம்)

பதில்: வழி இருக்கிறது, ஆனால் அதில் பெரிய வருமானம் இல்லை. இங்கிலாந்தில் கணிதம் படித்த ஃபில் புல் என்பவர் 1948இல் டைம்ஃபார்ம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தாமும் பணம் கட்டி வென்றவர்தான் அவர். ஆனால் அந்த நிறுவனத்துக்குப் பெயர் தேடித் தந்தது, ஓடும் குதிரைகள் ஒவ்வொன்றுக்கும், அதன் ஓட்டங்களை ஆராய்ந்து கொடுத்த தர எண்ணும் குறிப்பும்தான். வாங்கியவர் அந்த எண்களைக் கொண்டு தாமே முடிவு செய்தார். இருவர் வாங்கினால் இருவரும் ஒரே குதிரையில் கட்ட வேண்டும் என்பதில்லை. உங்களைப் போன்ற அனுபவசாலிகள் கொடுக்கத் தகுந்தது இதுவே. ஒரு குதிரை கடந்த முறை ஏன் பின்தங்கியது, வளைவில் வழி அடைபட்டதா, தொடக்கத்தில் தாமதமா, பயிற்சி ஜாக்கிக்குக் கிடைக்கும் எடைச் சலுகை இந்த முறை இருக்கிறதா என்று எழுதுங்கள். அது படிக்கிறவரை அறிவுள்ளவராக்கும்; "ஐந்தாம் பந்தயம், மூன்றாம் எண், கண்ணை மூடிக்கொண்டு கட்டு" என்பது அப்படிச் செய்யாது.

அதோடு, முதல் ஓராண்டு கட்டணமே வாங்காமல், யாரும் திருத்த முடியாத இடத்தில், பந்தயத்துக்கு முன் தேதியும் நேரமும் விகிதமும் இட்டு உங்கள் கணிப்புகளைப் பதிவு செய்துவாருங்கள். ஆண்டு முடிவில் வரிகளையும் கழித்துக் கணக்குப் பார்த்த பிறகும் கட்டணம் கேட்க உங்களுக்கு மனம் வந்தால் கேளுங்கள். 'உறுதி', 'நிச்சயம்', 'இழந்ததை மீட்டுத் தருவோம்' என்ற சொற்களை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். உங்கள் வருமானம் கட்டணத்திலிருந்து மட்டும் வருகிறதா, புக்கியிடமிருந்தும் வருகிறதா என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். 1777 முதல் குதிரைகள் ஓடிய கிண்டித் திடலின் குத்தகையையே 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்து செய்து, விவகாரம் நீதிமன்றம்வரை போயிருக்கும் நிலையில், இதை நம்பி ஓய்வுக்கால வாழ்க்கையை அமைத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: என் கணவர் டிப்ஸ் குழு ஒன்றில் சேர்ந்து, நகையை அடகு வைத்த பணத்தையும் இழந்துவிட்டார். இப்போது அதே ஆள், 15,000 ரூபாய் கொடுத்தால் தனிப்பட்ட 'மீட்பு' டிப்ஸ் தந்து போனதையெல்லாம் திரும்ப எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கணவர் மறுபடியும் கடன் கேட்கிறார். என்ன செய்வது? (திருச்சி)

பதில்: அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள், அம்மா. ஏற்கெனவே இழந்தவர் அடுத்த தொகையையும் கொடுப்பார் என்பது இந்த வியாபாரத்தில் உள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'மீட்பு' என்ற பெயரில் வருவது இரண்டாம் சுற்று வசூல். இழந்ததை ஒரே பந்தயத்தில் எடுக்க வேண்டுமென்றால் தொகையை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். ஆயிரம் ரூபாயில் தொடங்கி ஆறு முறை அடுத்தடுத்துத் தோற்றால் ஏழாவது முறை 64,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். ஆறு முறை அடுத்தடுத்துத் தோற்பது பந்தயத்தில் மிகச் சாதாரணம்.

பணம் சமீபத்தில் போயிருந்தால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ இன்றே அழையுங்கள். விரைவில் சொன்னால், பெறுபவரின் கணக்கில் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் தொகையை முடக்க வாய்ப்பு உண்டு. தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் எழுத்து வடிவில் பதிவு செய்யுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். பந்தயத்தில் கட்டித் தோற்ற தொகை வேறு, பொய்யான வாக்குறுதியை நம்பி அந்த ஆளுக்கு அனுப்பிய கட்டணம் வேறு. புகாரில் இரண்டையும் கலக்காமல், அவருக்கு நேரடியாகச் சென்ற தொகைகளைத் தேதிவாரியாக எழுதுங்கள். பந்தயத்தில் தோற்ற தொகை திரும்புவதற்கு வழியில்லை.

கணவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. நிறுத்த விரும்பியும் நிறுத்த முடியாத நிலையில் அவர் இருக்கலாம். அது மருத்துவ உதவியால் சீர்படக்கூடிய நோய் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்கள் பேசி வழிகேட்ட பிறகு அவரைப் பேசச் சொல்லலாம். அதுவரை, அவர் ஒப்புக்கொண்டால், வீட்டுச் செலவுக்கான கணக்கைப் பிரித்து உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அடகுச் சீட்டும் உங்களிடமே இருக்கட்டும். அந்தக் குழுவிலிருந்து அவர் வெளியேறுவதற்கு முன், அதில் வந்த செய்திகளையும் பணம் அனுப்பிய எண்களையும் படமாக எடுத்து உங்கள் கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். வெளியேறிய பின் அவற்றைத் திரும்பப் பெறுவது கடினம்.